கடைசியாகத் தொட்ட நேரம்

உங்கள் ஸ்டேஷன் சுவர்க்கடிகாரம் ஏழு நிமிடம் முன்னால் ஓடுகிறது, மேடம். குறையாகச் சொல்லவில்லை. ஆட்கள் நேரத்துக்கு வரட்டும் என்று நிறைய அலுவலகங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அது தெரியும், எல்லோரும் மனதுக்குள் ஏழு நிமிடத்தைக் கழித்துக்கொண்டு பழையபடி தாமதமாகவே வருவார்கள். என் தொழில் அப்படி, கண் தானாக நேரத்தின் மேல் போய்விடுகிறது.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, எங்கள் அம்மா வீட்டில் வேலை செய்தவர், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவருக்கு வலது முட்டி சரியில்லை. ஒன்பது நாளாகக் காலையில் வரவழைத்துச் சாயங்காலம் வரை உட்காரவைக்கிறீர்கள். அடுத்தது ரிமாண்ட் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள் போல. அவர் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் அந்த வீட்டுப் படி ஏறவே இல்லை. முதலில் எழுது, படித்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றீர்கள். அதனால் சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன். எனக்குச் சுருக்கமாக எழுத வந்ததே இல்லை என்று என் மேலாளர் சொல்லுவார்.

நான் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அப்பா போனபிறகு அம்மா தனியாக இருந்தாள். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. எதிர்வீடு பூட்டியே கிடக்கும், தரைத்தளத்தில் வெல்டிங் பட்டறை. என் வீட்டிலிருந்து நாற்பது நிமிடம். "என்கூட வந்துடும்மா" என்று நானும் சொன்னேன். எப்படிச் சொன்னால் வரமாட்டாளோ அப்படிச் சொன்னேன். அக்கா கடல் தாண்டி இருக்கிறாள். நமக்கு விடியும்போது அவளுக்கு இருட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்காதான் கேட்டாள். "அவ கீழ விழுந்தா யாருக்குடா தெரியும்?"

அதற்காகத்தான் அந்தப் பொத்தானைச் செய்தேன். சமையலறைச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு பழைய டேப்லெட்டை மாட்டினேன். திரை முழுக்க ஒரு பச்சை வட்டம். அம்மா காலையில் எழுந்து பால் காய்ச்சும்போது அதை ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தினால் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் 'அம்மா' என்று பெயர் வைத்த ஒரு கோப்பு தொடப்படும். வேறொன்றும் நடக்காது. அந்தக் கட்டளைக்குப் பெயரே 'டச்' தான். கோப்பைத் திறக்காது, படிக்காது, ஓர் எழுத்துகூடச் சேர்க்காது. தொட்டுவிட்டு வந்துவிடும். கோப்பின் நேரம் மட்டும் மாறும். என் போன்ற ஆட்கள் ஒரு புரோகிராம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இப்படித்தான் செய்வோம். நிமிடத்துக்கு ஒருமுறை அது ஒரு காலிக் கோப்பைத் தொட வேண்டும், தொடவில்லையென்றால் செத்துவிட்டது என்று அர்த்தம்.

அக்காவின் போனில் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தேன். 'கடைசியாகத் தொட்ட நேரம்' என்று இருக்கும், அதன் கீழே நேரம். காலை ஏழு மணிவரை அன்றைய நேரம் வரவில்லையென்றால் எங்கள் இருவர் போனும் அலறும்.

அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். "விழுந்துட்டா போனைத் தேட வேண்டாம், கத்த வேண்டாம். நீ அழுத்தலேன்னாலே நாங்க வந்துடுவோம்."

"அப்போ விழுந்தா சும்மா கிடந்தா போதும்" என்றாள்.

"ஆமாம்மா."

"இது எனக்குக் கை வந்த வேலைதான்" என்று சிரித்தாள். அடுத்த நிமிடமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஜாமீன்ல வந்தவ மாதிரி தினமும் கையெழுத்துப் போடச் சொல்றீங்க. போடறேன், போடறேன்."

போட்டாள், மறந்தும் போனாள். முதல் வருடத்தில் பதினான்கு தடவை போன் அலறியது. அக்கா அங்கிருந்து அழைப்பாள், "ஓடுடா" என்பாள். நான் ஓடுவேன். பதினான்கு தடவையும் அம்மா நன்றாகவே இருந்தாள். ஒருநாள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், ஒருநாள் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "மறந்துட்டேண்டா சின்னவனே. வந்தது வந்துட்ட, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ." எனக்கு ஒன்பதரைக்குக் கூட்டம் இருக்கும். ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். புலி வருது கதையில் ஊர்க்காரர்கள் மேல் யாரும் தப்புச் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா. கத்தியவன் மேல்தான் சொல்வார்கள்.

பதினைந்தாவது தடவை வராமல் இருக்க ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். கோப்பின் நேரம் இப்போதைய நேரமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எந்த நேரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கடைசியாகப் படித்த நேரம், கடைசியாக மாற்றிய நேரம், இரண்டையும் நாமே எழுதிவைக்க வழி உண்டு. திருட்டு வழி இல்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. காலை 6:50க்கு நான் எழுதிய ஒரு நிரல், அதாவது ஒரு சின்ன புரோகிராம், தானாக ஓடும். அம்மா அதற்குள் அழுத்தியிருந்தால் சும்மா போய்விடும். அழுத்தவில்லையென்றால், ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில் ஏதோ ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த நேரத்தில் தொட்டதாகக் கோப்பில் எழுதிவிடும். ஏழு மணிக்குப் போன் அலறாது.

கண்டபடி ஒரு நிமிடத்தைப் போட்டால் அக்கா கண்டுபிடித்துவிடுவாள் என்று தோன்றியது. அதனால் மூன்று மாதத்து நேரங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். அம்மா திங்கட்கிழமைகளில் சீக்கிரம் எழுகிறாள். ஞாயிறு பத்து நிமிடம் தாமதம். முதல்நாள் அக்காவோடு பேசியிருந்தால் மறுநாள் 6:05க்கு முன்பே எழுந்துவிடுகிறாள், நான் போய்விட்டு வந்த மறுநாள் வித்தியாசம் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் அம்மாவை அவ்வளவு கவனமாக நான் அதற்கு முன் பார்த்ததே கிடையாது. இந்தக் கணக்குக்காக உட்கார்ந்த இரண்டு சனிக்கிழமைகளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தன.

அதற்குப்பின் வீட்டில் அமைதி. அக்கா நிம்மதியாகத் தூங்கினாள். வாரக் கடைசியில் என்னிடம் சொல்லுவாள், "நேத்து ஆறு ரெண்டுக்கே எழுந்துட்டா பாரு, தூக்கம் சரியில்ல போல." "மழை பெஞ்சா லேட்டா எழுந்துக்கறா, கவனிச்சியா?" நான் "ஆமாக்கா" என்பேன். அவள் சொன்ன நாட்களில் எது அம்மா, எது நான் என்று எனக்குத் தெரியாது. தெரியாதபடிதான் எழுதியிருந்தேன். இன்று நான் பொய் சொன்னேன் என்று தினமும் காலையில் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுத்துவதையே விட்டுவிடுவாள்.

இப்போது வெளியே இருப்பவரைப் பற்றி. அம்மா அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தாள், பாத்திரமும் கூட்டிப் பெருக்குவதும் அரைமணியில் முடித்துவிடுவார் என்பதால். முட்டி வீங்கியபிறகு, "எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆயிடுச்சுடா, எல்லாப் படியிலயும் நிக்குது" என்று அவர் காதுபடவே சொல்லுவாள். அவரும் சிரிப்பார். அவரிடம் ஒரு சாவி உண்டு. அந்தத் திங்கட்கிழமை நான் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கப் போனபோது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"இந்த வாரம் வராதீங்க. முட்டியைக் கவனிங்க. நான் வந்து பாத்துக்கறேன்" என்றேன்.

"அம்மா தனியா இருப்பாங்களே தம்பி."

"அதான் நான் இருக்கேன்ல."

சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன். புதன்கிழமை போவதாக இருந்தேன். அந்த வாரம் அலுவலகத்தில் பழைய சர்வர்களிலிருந்து புதியவற்றுக்கு மாறினோம், தலைக்கு மேல் வேலை.

அம்மா செவ்வாய்க்கிழமை விடிகாலை விழுந்தாள். டாக்டர் அப்படித்தான் சொன்னார். குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு குறுகலான நடை உண்டு, அங்கே. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பச்சை வட்டம் அவள் கிடந்த இடத்திலிருந்து தெரியும். எட்டாது, ஆனால் தெரியும்.

புதன் மதியம் அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 6:17 என்று இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறாள் என்று போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். நான் எழுதிவைத்த பொய்யை நானே நம்பினேன் என்று உங்கள் கம்ப்யூட்டர் நிபுணர் முகத்தைச் சுளித்தாரே, அவர் இடத்தில் இருந்தால் நானும் சுளித்திருப்பேன். ஆனால் மேடம், அது அம்மாவாகவும் இருந்திருக்கலாம். பாதிநாள் அம்மாதானே.

இங்கே நேற்று சொன்னதில் ஒரு திருத்தம். ஒரு கோப்புக்கு மூன்றாவதாகவும் ஒரு நேரம் உண்டு. கோப்பின் நிலை எப்போது மாறியது என்று இயந்திரம் தானே குறித்துக்கொள்வது. மற்ற இரண்டையும் நம் இஷ்டத்துக்கு எழுதலாம், எழுதிய அந்த நொடியை மூன்றாவது பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் சாப்பிட்டது தெரியாது, ஆனால் தட்டு ஈரமாக இருக்கும், அப்படி. அம்மா உண்மையில் அழுத்தியிருந்தால் அந்த மூன்றாவது நேரமும் 6:17 என்றே இருக்கும். என் நிரல் எழுதியிருந்தால் 6:50 என்று இருக்கும். அதைப் பார்க்க ஒரே ஒரு கட்டளை போதும். பார்க்கவில்லை என்று நேற்றுச் சொன்னேன். பார்த்தேன். 6:50. மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். வியாழன் மதியமும் பார்த்தேன். 6:50.

பதினான்கு தடவை மறந்தவள்தானே.

வெள்ளிக்கிழமை காலையில் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "அம்மா மூணு நாளா போன் எடுக்கல. ஆனா தினமும் கரெக்டா அழுத்தறா. உயிரோட இருக்கேன்னு காட்டறா, பேச மட்டும் மாட்டேங்கறா. எம்மேல என்ன கோவம்னு கேட்டுச் சொல்லுடா." அம்மாவுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. கோபம் வந்தால் சமைத்துப் போடுவாள், பேச மாட்டாள். அக்கா அதைத்தான் நினைத்திருக்கிறாள். அம்மாவின் போனில் அக்கா அனுப்பிய குரல்பதிவுகள் பதினொன்று இருந்தன, ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை. பின்னால் நான் கேட்டேன். பதினொன்றிலும் மன்னிப்புக் கேட்டிருந்தாள். கடைசியில் எந்தத் தப்புக்கு என்று தெரியாமல், சின்ன வயதில் செய்ததற்கெல்லாம் சேர்த்துக் கேட்டிருந்தாள். அதை மட்டும் என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை.

பத்துமணிக்கு அலுவலகத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பட்டறைக்காரரின் கேமராவில் 10:38க்கு நான் படியேறுவது இருக்கிறது. கதவின் பூட்டுக்கு என்னிடம் சாவி உண்டு. ஆனால் இரவில் அம்மா உள்ளே கீழ்த்தாழ்ப்பாளையும் போட்டுவிடுவாள், அதை வெளியிலிருந்து திறக்க முடியாது, உடைக்கத்தான் வேண்டும். அன்று சாவி போட்டதும் கதவு திறந்துகொண்டது. நடையிலிருந்து வாசல்வரை தரையில் ஈரத்துணி இழுத்த தடம் இருந்தது. தரை துடைக்கும் குச்சி கதவோரம் கிடந்தது. தவழ்ந்து வந்து குச்சியால் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு, முடியாமல் மறுபடி குளிர்ச்சியான இடத்துக்கே போயிருக்கிறாள். தண்ணீர் வாளியும் அங்கேதான் இருந்தது. வெளியே போவதற்காகத் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. நாங்கள் வருவோம் என்று திறந்து வைத்திருக்கிறாள். கதவை உடைக்க வேண்டாமே என்று.

அவள் கத்தியிருந்தால் பட்டறையில் யாருக்காவது கேட்டிருக்குமா என்று கேட்டீர்கள். கத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்தது 10:56. அவர்கள் வந்தபோது நாடி இருந்தது. மதியம் இரண்டரைக்கு ஆஸ்பத்திரியில் இறந்தாள். சிறுநீரகம் நின்றுபோனது என்றார்கள்.

அக்கா மறுநாள் வந்து சேர்ந்தாள். செவ்வாயிலிருந்து அம்மா எழுந்திருக்கவே இல்லை என்று டாக்டர் சொன்னதும், அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்போ யாரு அழுத்தினது?" என்பதுதான். பொத்தான் வீட்டுக்குள் இருக்கிறது. சாவி மூன்று பேரிடம். அம்மா கிடக்கக் கிடக்க, அவளைத் தாண்டிப் போய், நாலு நாள் யாரோ பச்சை வட்டத்தை அழுத்தியிருக்கிறார்கள் என்று அக்கா முடிவுக்கு வந்தாள். புகாரை அவள்தான் கொடுத்தாள். நான் கொடுக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் உங்களிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான், அதுவும் உண்மை: "அம்மா கை வேலையா இருந்தா, சில நாள் வேலைக்கு வர்றவங்களும் அழுத்துவாங்க." வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியதுபோல அது இறங்கிவிட்டது.

மூன்றாம் நாள் உங்கள் வராந்தாவில் எக்ஸ்பிரஸ் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். முட்டி ஒத்துழைக்கவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, நீங்கதானே வர வேண்டாம்னு சொன்னீங்க. இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி."

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அம்மா போன துக்கத்துல இருக்கீங்க. மெதுவா யோசிங்க" என்றார். இங்கே நானாக வந்திருக்க வேண்டும். நானாக வரவில்லை, உங்கள் நிபுணர் நேற்று அந்த மூன்றாவது நேரத்தைக் கண்டுபிடித்தபிறகுதான் கூப்பிட்டீர்கள். அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் கண்டுபிடித்தது இது. என் நிரல் இருந்த கோப்பு இரண்டு வருடத்துக்கு முன் கடைசியாக மாற்றப்பட்டது என்று காட்டியது. அதில் பொய் நேரம் எழுதும் வரிகள் எதுவும் இல்லை, ஏழு மணிக்கு அலறும் பகுதி மட்டும் இருந்தது. ஆனால் அதன் நிலை மாறிய நேரம் வெள்ளிக்கிழமை காலை 10:54. ஆம்புலன்ஸுக்கு முன்னால் இரண்டு நிமிடம். வீட்டுக்குள் வந்து பதினாறு நிமிடம்.

ஆமாம். சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்து அந்த வரிகளை நீக்கினேன். பிறகு கோப்பின் நேரத்தைப் பழைய தேதிக்கு மாற்றினேன். மூன்றாவது நேரம் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். இயந்திரத்தின் கடிகாரத்தையே பின்னால் தள்ளிவைத்தால் அதையும் மறைக்கலாம், அது இன்னும் பெரிய வேலை. அதைச் செய்யவில்லை. ஏதோ ஒரு மூலையில் பிடிபட வேண்டும் என்று நினைத்திருப்பேன் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன்.

மூன்று நாளோடு ஒப்பிட்டால் பதினெட்டு நிமிடம் ஒன்றுமில்லை என்று டாக்டரே சொன்னார். அப்படிச் சொல்லவில்லை, சரியாகச் சொல்ல முடியாது என்றார்.

இறந்துவிட்டாள் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தேன் என்று நேற்றைய வாக்குமூலத்தில் இருக்கிறது. கையைத் தொட்டுப் பார்த்தாயா, மூச்சைப் பார்த்தாயா என்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. அக்காவும் கேட்டாள். காரியமெல்லாம் முடிந்து, அம்மாவின் புடவையை மடியில் வைத்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது சொன்னாளாடா?" என்றாள். "இல்லக்கா, நினைவில்லாமத்தான் இருந்தா" என்றேன். அவள் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அழுதாள். அதனால் இதை எழுதும் காகிதத்தை அவளுக்குக் காட்டாமல் இருக்க முடியுமா என்று கேட்கலாம் என்றிருந்தேன். கேட்கவில்லை. காட்டுங்கள். வெளியே பெஞ்சில் இருக்கிறவரை அனுப்பிவிட்டுக் காட்டுங்கள்.

தொட்டுப் பார்க்கவில்லை, மேடம். தொட்டுப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. கதவு திறந்த சத்தத்துக்கு அவள் கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்திருந்தது, ஆனாலும் சொன்னது புரிந்தது.

"வந்துட்டியா சின்னவனே. நான் அழுத்தவே இல்ல" என்றாள். சொன்னபடி கேட்ட பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

"வந்துட்டேம்மா. ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, அவளைத் தாண்டிப் போய் லேப்டாப்பைத் திறந்தேன்.

பொய் சொல்லவில்லை, மேடம். முதல் தடவையே அந்தப் பழைய தேதியில் வருடத்தைச் சரியாகப் போட்டிருந்தால் ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.